இரும்பு ஏறாத உடம்பு: புளியரைப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா முதல்முறை வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. பழைய சீட்டுகளாக இருக்கும் என்று நினைத்தேன். மேஜைமேல் கவிழ்த்தார். சீட்டு இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் காலி மாத்திரை அட்டைகள். இரும்பு மாத்திரை இருந்த அட்டைகளை வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"எல்லாம் நான் முழுங்குனதுதான் சார். எங்க போனாலும் மாத்திரைய ஒழுங்காப் போடலன்னு ஏசுதாவ. அதான் எடுத்து வச்சிருக்கேன்."

அவருக்கு வயது 41. செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் வீடு. கணவர் ரோட்டோரத்தில் சாயங்காலப் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். மாவு பிசைவது, உருட்டி எண்ணெயில் ஊறப்போடுவது, சால்னாவுக்கு அரைப்பது எல்லாம் இவர் வேலை. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஏழு வருஷமாகச் சோர்வு. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தாலே நெஞ்சு படபடக்கிறது. முடி கொட்டுகிறது. வாய்ப்புண் மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. அரிசி களையும்போது ஒரு கைப்பிடியை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. இதை அவராகச் சொல்லவில்லை, கேட்டபிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். பச்சரிசி, ஐஸ், சாம்பல், செங்கல் தூள் என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா என்று ரத்தசோகைக்காரர்களிடம் நாமாகத்தான் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கு இல்லை. சாயங்காலமானால் வயிறு உப்பிக் கல் மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான். மகள் பிறந்தபிறகு இரண்டு கரு கலைந்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 38 வயதில், கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அதிக உதிரப்போக்கு, அதனால் ரத்தசோகை, எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஹீமோகுளோபின் 10.4 வரை வந்தது. எட்டு மாதத்தில் மறுபடி 8க்குக் கீழே போனது. இரும்பு ஊசி இரண்டு சுற்றுப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏறியது, ஒவ்வொரு முறையும் இறங்கியது.

இந்த இடத்தில்தான் யாராவது நின்றிருக்க வேண்டும். மாதவிலக்கே இல்லாத பெண்ணுக்கு இரும்பு எங்கே போகிறது? ஒன்று, குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது. இல்லையென்றால், தின்கிற இரும்பு உள்ளே போகவில்லை. மூன்றாவதாக இருப்பது சாப்பாட்டில் இரும்பே இல்லை என்பது. பையளவு மாத்திரை முழுங்கியவரிடம் அதைச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை மூன்று வருஷம் யாரும் கேட்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்பதே விடையாகிப் போனது.

ஒருவகையில் ஏன் கேட்கவில்லை என்பதும் புரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 36.3. பாதிக்கு மேல் பெண்களுக்கு இருக்கிற ஒன்றை யார் நோயாகப் பார்க்கிறார்கள்? "கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்கு" என்பது இங்கே குசலம் விசாரிக்கிற பேச்சு மாதிரி ஆகிவிட்டது.

பார்த்ததும் அளந்ததும்

எடை 43 கிலோ, உயரம் 154 சென்டிமீட்டர். கண்ணிமையின் உட்பக்கம் வெள்ளைத்தாள். நகம் தட்டையாகி, ஓரிரண்டு விரலில் கரண்டி போலக் குழிந்திருந்தது. நாக்கு வழவழவென்று இருந்தது. கால் வீக்கம் இல்லை, மண்ணீரல் கைக்குத் தட்டவில்லை.

ஹீமோகுளோபின் 7.1. சிவப்பணு எண்ணிக்கை 36 லட்சம், அணுவின் சராசரிப் பருமன் 66. தட்டணுக்கள் 5.1 லட்சம். இரும்பு குறையும்போது இவை ஏறுவது வழக்கம். அணு சிறுத்திருந்தால் நம் பக்கத்தில் தலசீமியா மரபுக்கூறும் (பிறவியிலேயே சிவப்பணு சிறுத்திருக்கும் பரம்பரைக் கோளாறு) நினைவுக்கு வர வேண்டும். பருமனை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 13க்குக் கீழே வருவது தலசீமியா பக்கம் சாய்வு. இங்கே 66ஐ 3.6ஆல் வகுத்தால் 18. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 4 வந்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. 4 என்றால் களஞ்சியம் காலி, தரையைப் பெருக்கி அள்ளினால்கூட ஒன்றும் தேறாது.

மலத்தில் கொக்கிப்புழு முட்டை இல்லை, மறைந்த ரத்தமும் இல்லை. பி12 சரியாக இருந்தது. ஃபோலேட் குறைவு, வைட்டமின் டி 9, கால்சியம் எல்லைக்குக் கொஞ்சம் கீழே. கல்லீரல் நொதி ஏஎல்டி 58, லேசாக ஏறியிருந்தது. தைராய்டு டிஎஸ்எச் 6.8, அதுவும் கொஞ்சம் அதிகம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடலாம். உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், அந்த மூன்று சீட்டிலும். நான் பார்த்தது வேறு. இரும்பு, ஃபோலேட், கால்சியம் மூன்றும் சிறுகுடலின் மேல்பாதியில் உறிஞ்சப்படுகிறவை, இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலிலேயே. பி12 உறிஞ்சப்படுவது கடைசியில், பின்சிறுகுடலில். மேலே உள்ளதெல்லாம் குறைந்து, கீழே உள்ளது மட்டும் சரியாக இருக்கிறது என்றால் குடலின் தலைமாட்டில்தான் கோளாறு. வயிற்றுப்போக்கு இல்லாததற்கும் இதுவே காரணம். கீழே உள்ள பல அடிக் குடல் நன்றாக இருந்தால், மேலே விட்டதை அது சமாளித்துக்கொள்ளும். இரும்பை மட்டும் அதனால் சமாளிக்க முடியாது.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு எண்டோஸ்கோபியும் எடுத்திருக்கிறார்கள். "லேசான இரைப்பை அழற்சி, முன்சிறுகுடல் இயல்பு" என்று அறிக்கை. பயாப்சி எடுத்ததாகக் குறிப்பில்லை. எனக்குச் சந்தேகம் சீலியாக் மேல், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிற நோய். பார்வைக்கு இயல்பாகத் தெரியும் முன்சிறுகுடலிலும் அது இருக்கலாம். துணுக்கு எடுத்துப் பார்க்காத எண்டோஸ்கோபி சீலியாக் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

நான் செய்யப் பார்த்த தவறு

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாளே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, பரோட்டா என்றார். நானும் எல்லா டாக்டரும் சொல்கிற மாதிரி, "மைதாவெல்லாம் உடம்புக்கு ஆகாதும்மா, நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் பழக்கம். மைதாவில் போடுகிற ரசாயனத்தால் சர்க்கரை நோய் வரும் என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிற பேச்சின் எச்சம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

அவர் அதைக் கேட்கவில்லை. நல்ல காலம். "கடையில மிஞ்சுறத எங்க சார் கொண்டு கொட்ட? ராத்திரி நாலு, காலையில ரெண்டு, அதான் எனக்குச் சாப்பாடு" என்றார்.

ஏன் நல்ல காலம் என்றால், சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனையும் பயாப்சியும் ஆள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் நம்பத்தக்கவை. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் அளவு மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். சில மாதம் கழித்துப் பரிசோதித்தால் ஒன்றும் இல்லை என்று வரலாம். அப்புறம் கண்டுபிடிக்க மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்னச் சொல்ல வேண்டும். ஆறத் தொடங்கிய ஆள் அதற்குச் சம்மதிப்பாரா? சந்தேகம் வந்தால் முதலில் ரத்தம் எடுப்பது, பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது என்ற வரிசையை அன்றிலிருந்து மாற்றுவதில்லை.

பிரானூர்க் கணக்கு

நான் படித்த காலத்தில், சீலியாக் என்பது பஞ்சாபில் பார்க்கிற நோய், நமக்கு வேண்டியதில்லை என்று ஒரே வரியில் தாண்டிப் போனார்கள். அதில் பொய்யில்லை. 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, மூன்று பகுதிகளில் 23,331 ஆரோக்கியமான பெரியவர்களைப் பரிசோதித்தது. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. வடக்கில் இருப்பதில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர்.

எனக்கு அதில் பிடித்தது அடுத்த இரண்டு எண்கள். இந்த நோய் வருவதற்கு அவசியமான டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்கள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடம் இருந்தன. தெற்கே 36.4. கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. நாளொன்றுக்குச் சராசரிக் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். கோதுமை அளவு மட்டும்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தெற்கத்தியான் என்பதால் மட்டும் இந்த நோய் வராது என்று சொல்வதற்கு இடமில்லை.

இப்போது இந்த அம்மாவின் தட்டுக்கு வருவோம்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் கொச்சியும் சேர்ந்த ராஜ்யத்தில் இருந்த ஊர். பழைய எல்லை பிரானூரில். மாநில எல்லை மேற்கே தள்ளிப்போய், செக்போஸ்ட்டும் புளியரையில் இருக்கிறது, ஆனாலும் 'பார்டர்' என்ற பெயர் பிரானூரை விட்டுப் போகவில்லை. அந்தப் பெயரோடு பரோட்டாவும் ஒட்டிக்கொண்டது. குற்றால சீசனில் அந்த ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இந்தக் குடும்பத்தின் கடை அந்தப் புகழ்பெற்ற வரிசையில் எல்லாம் இல்லை. எஸ்டேட் வேலைக்கு மலையேறிப் போய்த் திரும்புகிறவர்களும் லாரிக்காரர்களும் சாப்பிடுகிற சின்னக் கடை.

கிலோ மைதாவுக்கு எத்தனை பரோட்டா வரும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "பதினெட்டு" என்றார். அப்படியானால் ஒன்றுக்கு 55 கிராம் மைதா. ராத்திரி நான்கு, காலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிய இரண்டு. ஆறு பரோட்டா, 330 கிராம். தென்னாட்டுச் சராசரியின் 13 மடங்கு. பிறந்த ஊர் தெற்கு, தின்கிற கோதுமை வடக்கு. கடையைத் தொடங்கிப் பதினைந்து வருஷம். சோர்வு தொடங்கியது ஏழு வருஷத்துக்கு முன்.

பரிசோதனை

கேட்டது இரண்டு: சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி ஐஜிஏ எதிர்ப்பொருள், கூடவே மொத்த ஐஜிஏ அளவு (ஐஜிஏ, ஐஜிஜி எல்லாம் எதிர்ப்பொருள் வகைகள்). இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ இருக்காது. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்றுதான் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு ஐஜிஜி வகைப் பரிசோதனை வேண்டும். மொத்த ஐஜிஏ இயல்பு. டிடிஜி 142, அந்த லேபின் எல்லை 20.

எண்டோஸ்கோபிக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன், கையில் ஒரு கடிதத்தோடு. "முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கு துணுக்கு, தொடக்கக் குமிழில் இரண்டு, பார்வைக்கு எப்படி இருந்தாலும் எடுக்கவும்." நோய் சில இடத்தில் இருந்து சில இடத்தில் இல்லாமல் திட்டுத்திட்டாக இருக்கலாம், அதனால்தான் இத்தனை. இந்த முறை பார்வையிலேயே மடிப்புகளின் விளிம்பு அலையலையாக வெட்டுப்பட்டிருந்தது என்று எழுதியிருந்தார்கள். நுண்ணோக்கியில் குடலுறிஞ்சிகள் பெரும்பாலும் மழுங்கிப்போயிருந்தன, மேற்புறச் செல்களுக்கு நடுவே லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் கூட்டம். சீலியாக்கில் குடல் சேதத்தை அளக்கும் மார்ஷ் அளவுகோலில் 3பி. அதே நாளில் பெருங்குடலையும் பார்த்தார்கள், இயல்பு. சீலியாக் கிடைத்துவிட்டது என்பதற்காக, இந்த வயதில், மாதவிலக்கு இல்லாதவருக்கு, பெருங்குடலைப் பார்க்காமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்கு இரண்டு காரணம் இருக்கக் கூடாது என்று சட்டமா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருந்தால் பழைய மருத்துவர்கள் முதலில் சொல்வது வெப்பமண்டல ஸ்ப்ரூ, சூடான நாடுகளில் வருகிற, சத்து உறிஞ்சப்படாமல் போகும் இன்னொரு குடல்நோய். 1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய் போலவே பரவியதை வேலூர் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் குடலின் கடைசிவரை போகும், பி12உம் குறையும், வயிற்றுப்போக்கு முன்னால் நிற்கும். இவருக்கு இரண்டும் இல்லை. எதிர்ப்பொருளும் எல்லையைப் போல ஏழு மடங்கு. ரத்த அழுத்தத்துக்குத் தருகிற ஓல்மிசார்டன் மாத்திரையும் குடலை இப்படி ஆக்கும். இவர் அதைச் சாப்பிட்டதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் பார்க்கலாமா?

இந்த அம்மாவைப் பற்றிப் பேசும்போது சக மருத்துவர்கள் கேட்பது இதைத்தான். அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும், பிரிட்டிஷ் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை உள்ள பெரியவர்களுக்குச் சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பில், இந்த ரத்தசோகை உள்ளவர்களில் ஏறக்குறைய 31 பேரில் ஒருவருக்கு பயாப்சியில் சீலியாக் உறுதியானது.

அதை அப்படியே தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு வர நான் தயாரில்லை. கணக்கைப் பாருங்கள். பரிசோதனை நோயில்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருவருக்கு நோயுள்ள ஊரில் ஆயிரம் பேருக்குப் பார்த்தால், உண்மையான ஒருவருக்காக இருபது பேரை வீணாக எண்டோஸ்கோபிக்கு அனுப்புவோம். ஆயிரத்தில் முப்பது பேருக்கு நோயுள்ள கூட்டத்தில் பார்த்தால், முப்பது உண்மை, ஏறக்குறைய இருபது பொய். பரிசோதனை ஒன்றுதான், யாருக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு ஏறி இறங்குகிறது. இந்த இரண்டு பரிசோதனைக்குமான செலவு அவர்கள் கடையின் மூன்று நாள் லாபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வழக்கம் இப்போது இப்படி. முதலில் ஃபெரிட்டின் பார்த்து இரும்புக் குறைவுதானா என்று உறுதிசெய்வது. மாதவிலக்கு உள்ள இளம்பெண், உதிரப்போக்கு அதிகம், வேறு எதுவும் இல்லை என்றால், இரும்பு மாத்திரை கொடுத்து நான்கு வாரம் பொறுப்பது. டீயோடு போடக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கட்டன் சாயா, இந்தப் பக்கம் பால் டீ, இரண்டுமே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு வாரத்தில் ஒரு கிராம்கூட ஏறாவிட்டால், அல்லது ஏறியது நிறுத்தியதும் இறங்கினால், டிடிஜி. திரும்பத் திரும்ப இரும்பு ஊசி தேவைப்படுகிறவருக்குக் கட்டாயம். ஊசி குடலைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போவதால் கொஞ்ச காலம் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோற்றம் காட்டும். இந்த அம்மாவை அந்தத் தோற்றம்தான் இரண்டு முறை ஏமாற்றியது.

ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்றவர்களுக்கும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் நான் பொறுப்பதே இல்லை. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை என்று பார்ப்பதுதான் முதல் வேலை, அந்த எண்டோஸ்கோபியின்போதே சீலியாக்குக்கும் பார்த்துவிடலாம். முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டுக் கோளாறு, காரணமில்லாத கருச்சிதைவுகள், இளவயதில் எலும்புத் தேய்மானம், வீட்டில் யாருக்காவது சீலியாக் என்று ஏதாவது கூட இருந்தாலும் அப்படியே.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்டிலிருந்து கேரளத்துக் கட்டட வேலைக்கும் இந்தப் பக்கச் செங்கல் சூளைக்கும் வருகிறவர்கள். சிறுவயதிலிருந்து ரொட்டி தின்று வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் வெளுத்துப்போய் வந்தால் "தென்னிந்தியாவில் அரிது" என்ற எண் அவருக்குப் பொருந்தாது. மொழி தெரியாமல் கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவதை நானே செய்திருக்கிறேன்.

சாப்பாடும் அந்த இரண்டாவது பையும்

இரும்புக்கு முதலில் வழி செய்தோம். எடை 43, ஹீமோகுளோபின் 7.1, எட்ட வேண்டியது 15, இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் மொத்தத் தேவை சுமார் 1,315 மில்லிகிராம். இரும்பு கார்பாக்ஸிமால்டோஸ் ஊசி, எடைக்கேற்ற அளவில், ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணையாக. கூடவே ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம்.

கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி இனி வாழ்நாள் முழுக்கக் கிடையாது என்று சொன்னபோது அந்த அம்மா அழவில்லை. அரிசிச் சோறு, இட்லி, தோசை, கம்பு, சோளம், ராகி, கப்பைக்கிழங்கு எல்லாம் ஆகும் என்றதும், "பொறவென்ன சார், பழைய சாப்பாடுதானே" என்றார். டெல்லியில் ஒருவருக்கு இதே செய்தியைச் சொன்னால் வீடே இடிந்துபோகும். கணவர்தான் முகம் சுண்டினார். மகள் ஆசைப்பட்டாளே என்று மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து வாங்கிவருவது நினைவுக்கு வந்துவிட்டது. "அல்வாவுமா சார்?" அல்வாவும்தான். சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்துக் கிண்டுவது அது.

அவரைச் சமாதானப்படுத்த டச்சு நாட்டுக் கதையைச் சொன்னேன். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறியதைக் குழந்தை மருத்துவர் டிக்கே கவனித்தார். கோதுமையைப் பற்றி அவருக்கு முன்பே சந்தேகம் உண்டு, 1950இல் ஆய்வேடாக எழுதினார். "அப்ப ரேஷன்ல கோதுமை போடாம இருக்கது நல்லதுதான்ங்கீங்க" என்றார் கணவர். சிரித்துவிட்டோம்.

நான்காம் மாதம் வந்தார்கள். ஹீமோகுளோபின் 11.4. ஆனால் டிடிஜி 142இலிருந்து 121க்குத்தான் வந்திருந்தது, ஃபெரிட்டின் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. பரோட்டாவைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். அட்டைகளைப் பார்த்தவன் என்பதால் நம்பினேன். அடுத்த முறை அடுப்படியில் இருக்கிற டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். மறுபடி ஒரு பை, மறுபடி அதே மேஜை.

முதலில் அகப்பட்டது மால்ட் பானப் பொடி. ரத்தம் ஊறட்டும் என்று கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, தினம் இரண்டு டம்ளர். கோதுமையும் முளைகட்டிய பார்லியும்தான் அது. அடுத்தது, அவர்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடையின் எண்ணெய்க் காகிதம். பழம்பொரி. இங்கே ஒரு எல்லைப் பிரச்சினை இருக்கிறது. தமிழ்நாட்டு வாழைக்காய் பஜ்ஜிக்குக் கடலை மாவு. மலையாளத்துப் பழம்பொரிக்கு மைதா. இவருக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பலகாரம், பஜ்ஜி சாப்பிடலாம் என்று நான் சொன்னது இதற்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார்.

மூன்றாவதை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் நர்ஸ் கொல்லத்துக்காரர். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "சேச்சி, காயத்துலயும் மைதா உண்டு" என்றார். வாங்கிப் பார்த்தேன். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பிசினைக் கொஞ்சம் எடுத்துக் கோதுமை மாவும் கோந்தும் சேர்த்துக் கட்டுவது. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெருங்காயம் என்ற சொல் எதிலும் இருந்ததில்லை. அரிசி மாவில் கட்டிய பெருங்காயமும் கிடைக்கிறது. இவர் பூண்டைக் கூடப் போட்டுச் சமாளித்துக்கொண்டார். பொட்டலங்களில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால் இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் அப்படிப் போட்ட பொட்டலம் புளியரை மளிகைக் கடைக்கு வருவதில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

நான்காவது, பைக்குள் வராதது. கல். பரோட்டா போட்ட அதே கல்லைத் துடைத்துவிட்டு அதில் அவருக்குத் தோசை. துடைத்த துணியிலும் மாவு. வீட்டுக்குத் தனி தோசைக்கல் வாங்கினார்கள். பிசைகிற வேலை கணவருக்குப் போனது. மாவைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போனால்தான் கெடுதல். ஆனால் மூட்டையைக் கொட்டும்போது பறக்கிற தூளில் நின்று மூச்சுவிட்டால் கொஞ்சம் வாய்க்கும் போகத்தான் செய்யும்.

அந்த மாதத்திலிருந்து ஊசி போடவில்லை. இரும்பு மாத்திரை மட்டும், ஒன்றுவிட்டு ஒரு நாள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். ஊசியில் ஏறுவது எதையும் நிரூபிக்காது, மாத்திரையில் ஏறினால் குடல் ஆறிவிட்டது என்று அர்த்தம். பதினோராம் மாதம் மாத்திரையையும் நிறுத்தினேன். பதிமூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 41, டிடிஜி 17, எடை 49. ஏஎல்டி தானாகவே இயல்புக்கு வந்துவிட்டது. எலும்பு அடர்த்தி குறைவாகத்தான் இருக்கிறது, அதற்கு வைத்தியம் தொடர்கிறது. குடல் ஆறியதை மறுபடி பயாப்சி எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. பச்சரிசி தின்கிற ஆசை ஊசி போட்ட இரண்டாம் வாரமே போய்விட்டதாம்.

கூடப்பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். மகளுக்கு 16 வயது, வயதுக்கேற்ற உயரம் இல்லையே என்று பயந்தோம். டிடிஜி இயல்பு, மொத்த ஐஜிஏவும் இயல்பு. பின்னாளிலும் வரலாம் என்பதால் இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அவரைப் பெற்ற அம்மாவுக்கும் இல்லை. மிச்சம் இருப்பது தம்பி. புனலூரில் பரோட்டா மாஸ்டர். அவருக்கும் அடிக்கடி வாய்ப்புண் வருமாம், ஒருமுறை ரத்ததானம் செய்யப் போனபோது ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூன்று முறை சொல்லி அனுப்பியாயிற்று. சீசன் முடியட்டும் அக்கா, இப்ப கடையில கூட்டம் என்கிறாராம்.